எடைமேடை

காலையில் வெறும் வண்டி.
மாலையில் பாரம்.
நடுவில் என்ன ஏற்றினாய் என்று கேட்டால்
மூன்று இட்லி, அரை டம்ளர் மோர்,
மதியம் ஒரு கரண்டி மொச்சைக் குழம்பு.
இதற்குப் போய்
சேலை கொசுவம் இறுகுமா,
ஊக்கு தெறிக்குமா?

காவேரிப்பட்டணம் சாலையில்
எடைமேடைக் கம்ப்யூட்டர் முன்னால்
ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.
லாரியின் மொத்த எடையில்
வெறும் எடையைக் கழித்தால்
மாங்காய் வரும்.
என் எடையில் கழித்தால்
காற்று வருகிறது.

கிருஷ்ணகிரியில் ஸ்கேன் எடுத்தார்கள்.
தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
நார்மல், நார்மல் என்று
தாளுக்குத் தாள் சொன்னது.
"குடலில் புண் இல்லை, கட்டி இல்லை.
சும்மா சும்மா எரிச்சல்படுகிற குடல்,
அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.
வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும் டிரைவர்களிடம்
நான் காட்டாத எரிச்சலையெல்லாம்
அதுதான் வாங்கி வைத்திருக்கிறது போல.

தின்பதை எழுதச் சொன்னார்.
அடித்தல் விழுந்த எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில்
எழுத ஆரம்பித்தேன்.
செவ்வாய், அவரைக்காய்ப் பொரியல்.
நாலு மணிக்கு மத்தளம்.
வியாழன், பரோட்டா ஒன்றே ஒன்று.
ராத்திரி நாலு தடவை கொல்லைக்கு.
வெள்ளி, விரதம். அன்றும் மத்தளம்.
(காபி குடித்தேன். விரதத்தில் சேராது என்று நினைத்தேன்.)

வாயுவுக்குப் பூண்டுப் பால் என்றாள்
மண்டியில் கூடை சுமக்கும் முனிரத்தினா.
வாயுவுக்குப் பூண்டுப் பால் என்றது
ஊரே.
ஆறு மாதம், ராத்திரி தவறாமல்,
பத்துப் பல் பூண்டு, சுண்டக் காய்ச்சிய பால்.
சீட்டுகளைப் பரப்பிப் பார்த்த டாக்டர்
பேனாவால் சுழித்தது
அந்த இரண்டையும்தான்.
சர்க்கரை வேறு போட்டிருக்கிறேன்.

பூண்டு போயிற்று, வெங்காயம் போயிற்று,
பால், கோதுமை, துவரம்பருப்பு.
பால் மணக்கும் இந்த ஆனி மாதத்து
மாம்பழமும் போயிற்று.
நாளுக்கு நாற்பது டன்
என் மூக்கைத் தாண்டித்தான் ஃபாக்டரிக்குள் போகிறது.
மிஞ்சியது கேழ்வரகுக் களி.
பூண்டில்லாத கீரைக் கடைசலில் தொட்டு
மெல்லாமல் விழுங்கினேன்.
முதல் நாள் முகம் சுளித்த மாதையன்
மறுநாள் தனக்கு மட்டும்
ஒரு வெங்காயத்தைக் குத்தி உடைத்துக்கொண்டார்.
என்னைப் பார்க்காமல் கடித்தார்.

இதெல்லாம் தொடங்கும் முன்னால் ஒரு நாள்
டவுன் பஸ்ஸில்
பூக்கூடைக்காரம்மா ஒருத்தி
என் வயிற்றைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தாள்.
"எத்தனை மாசம் கண்ணு?"
கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.
அந்தக் கேள்வியை என்னிடம்
யாரும் கேட்க நேர்ந்ததில்லை.
அஞ்சு, என்றேன்.
பையை மடியில் வைத்து மறைக்கவில்லை
அன்றைக்கு மட்டும்.

ஏழு வாரக் களியில்
கொசுவம் தளர்ந்தது.
மாலை வண்டியும் வெறும் வண்டியாக
வீடு திரும்பியது.
டாக்டர் சிரித்தார். நானும்.

அதே பஸ், அதே கூடை.
அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றை,
பிறகு ஜன்னலை.
ஒன்றும் கேட்கவில்லை.
எழுந்து
மறுபடி இடம் கொடுத்தாள்.
குணமாகிவிட்டது அம்மா என்று
எப்படிச் சொல்ல?
இறங்கும்போது கூடைக்குள் துழாவி
செந்தூரா ஒன்றை எடுத்து
என் கையை விரித்து வைத்து மூடினாள்.
"சாப்பிடு. உடம்பு தேறணும்."

விளக்குப் போடாமல்
அடுப்படியில் உட்கார்ந்து
தோலோடு கடித்தேன்.
கொட்டை வெளுக்கும் வரை சப்பினேன்.
விடிய விடிய மத்தளம்.

அதை மட்டும்
சீட்டில் எழுதவில்லை.